"சார், பாங்கியில் இருந்து பேசறேன்!" - நம்பினால் பணம் அம்பேல்!

கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களே, உஷார்!

கத்தி இல்லை. கன்னக்கோல் இல்லை. பூட்டு உடையவில்லை. தெரு நாய் கூட குரைக்கவில்லை. ஆனால் பணம் மட்டும் காலி!

பீரோவில் பூட்டி வைத்த பணம் அல்ல. சட்டைப்பையில் இருந்த பணமும் அல்ல. இன்னும் சம்பாதிக்கவே இல்லாத பணம்! அடுத்த மாத சம்பளம், அதற்கு அடுத்த மாத சம்பளம், தீபாவளி போனஸ் எல்லாவற்றையும் ஒரே போனில் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறான் ஒரு ஆசாமி.

அவன் முகத்தை யாரும் பார்த்தது கிடையாது. குரல் மட்டும்தான் தெரியும். அந்த குரலில் தேன் ஒழுகும். "சார்" என்பான். "மேடம்" என்பான். வயதானவராக இருந்தால் "அப்பா" என்று கூட கூப்பிடுவான்.

கிரெடிட் கார்டுக்காரர்களை குறிவைக்கும் இந்த போன் மோசடி எப்படி நடக்கிறது? தப்புவது எப்படி? ஏமாந்துவிட்டால் அடுத்த நிமிடமே என்ன செய்ய வேண்டும்?

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மணி அடிக்கிறது

ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதும் குமாஸ்தா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பெயர் எதுவாக இருந்தால் என்ன, கதை ஒன்றுதான். மாத சம்பளம் ரூ.25 ஆயிரம். மகள் காலேஜ் பீசுக்கு அவசரத்துக்கு உதவும் என்று வாங்கிய கார்டு. லிமிட் ரூ.60 ஆயிரம்.

முகூர்த்த நாள். கடையில் கூட்டம் நெரிகிறது. அந்த நேரம் பார்த்து போன்.

"வணக்கம் சார். உங்க பாங்க் ஹெட் ஆபீஸ், கார்டு செக்ஷன்ல இருந்து பேசறேன். உங்க கார்டுல 6 ஆயிரத்து 200 ரிவார்டு பாயிண்ட் சேர்ந்திருக்கு. இன்னிக்கு ராத்திரி 12 மணியோட காலாவதி. பணமா மாத்தி ஏத்திடவா சார்?"

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியாதே தம்பி."

"நிறைய பேருக்கு தெரியறதில்லை சார். அதான் நாங்களே போன் பண்றோம். உங்க நம்பிக்கைக்காக கார்டோட முதல் 6 நம்பரை நானே சொல்றேன், சரியான்னு பாருங்க."

சொல்கிறான். குமாஸ்தா கார்டை எடுத்துப் பார்க்கிறார். அச்சு அசலாக அப்படியே இருக்கிறது!

அவ்வளவுதான். சந்தேகம் பறந்துவிட்டது. மீதி நம்பரை இவரே சொல்கிறார். கார்டு முடிகிற மாதம், வருடம் சொல்கிறார். பின்பக்கம் இருக்கும் 3 நம்பரையும் சொல்கிறார்.

"இப்ப ஒரு மெசேஜ் வரும் சார். அதுல இருக்கற நம்பரை சொன்னீங்கன்னா பாயிண்ட் ஏறிடும்."

மெசேஜ் வந்தது. சொன்னார். "தேங்க்யூ சார், ஹேவ் எ நைஸ் டே!" போன் கட்.

3 நிமிடம் கூட ஆகவில்லை. கார்டில் இருந்து ரூ.48,500 அம்பேல்!

கடனாக விழுந்த இடி

இங்கேதான் கிரெடிட் கார்டு விவகாரம் மற்ற திருட்டை விட மோசம். மணிபர்சு திருட்டு போனால் போனதோடு சரி. கார்டில் போன பணம் கடனாக நிற்கும். பில் வரும்.

மாதத்துக்கு 3½ சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால், ரூ.48,500-க்கு ஒரு மாத வட்டி மட்டும் ரூ.1,697. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறக்குறைய ரூ.2 ஆயிரம்! அசல் அப்படியே இருக்கும்.

திருடன் எங்கேயோ உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிறான். குமாஸ்தா அவனுக்காக மாதாமாதம் வட்டி கட்டுகிறார். 2 மாத சம்பளம் முழுசாக கொடுத்தால்தான் கடன் தீரும். வீட்டு வாடகை? அரிசி, பருப்பு? மகள் பீஸ்?

முதல் 6 நம்பர் ரகசியமே இல்லை!

"என் கார்டு நம்பர் அவனுக்கு எப்படி தெரியும்? பாங்கி ஆள்தானே?" என்றுதான் ஏமாந்தவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். குட்டு இதுதான்:-

கார்டின் முதல் நம்பர் எந்த கம்பெனி கார்டு என்பதை காட்டும். 4 என்று ஆரம்பித்தால் விசா. முதல் 6 நம்பர் (புது முறையில் 8) எந்த பாங்கி, எந்த ரக கார்டு என்பதை காட்டும். ஒரே பாங்கியில் ஒரே ரக கார்டு வாங்கிய ஆயிரக்கணக்கான பேருக்கும் அந்த நம்பர் ஒன்றேதான். அது ரகசியம் அல்ல. யார் வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளலாம்.

கடைசி 4 நம்பர்? அது பெட்ரோல் பங்க் ரசீதிலும் வருகிறது, பாங்கி அனுப்பும் மெசேஜிலும் வருகிறது.

ஆக, 16 நம்பரில் 10 நம்பர் ஊருக்கே தெரிந்த மாதிரிதான். நடுவில் இருக்கும் 6 நம்பரை கறக்கத்தான் இத்தனை நாடகம்!

பெயரும் போன் நம்பரும் கிடைப்பது அதைவிட சுலபம். கண்காட்சியில் குலுக்கல் பரிசு என்று சீட்டு எழுதிப்போட்டது, வேலைக்கு மனு போட்டது, லோன் விசாரித்தது, கண்ட கண்ட லிங்கை அமுக்கியது எல்லாம் கைமாறி கைமாறி மோசடி பேர்வழியிடம் போய்ச் சேர்கிறது.

எனவே ஒருவன் உங்கள் பெயர், பிறந்த தேதி, பாங்கி பெயர் எல்லாம் ஒப்பித்தாலும் அவன் பாங்கி ஆள் என்று ஆகிவிடாது.

குகைக் கதவின் மந்திரச் சொல்

1956-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை பார்க்காதவர்கள் குறைவு. குகைக் கதவு திறக்க ஒரு மந்திரச் சொல். அந்த சொல் தெரிந்தவன் உள்ளே போவான். தெரியாதவன் வெளியே நிற்பான்.

ஓ.டி.பி. என்பதும் அதே மந்திரச் சொல்தான். இன்டர்நெட்டில் கார்டு மூலம் பணம் செலுத்த கார்டு நம்பர் மட்டும் போதாது, இன்னொரு சாட்சியும் வேண்டும் என்று 2009 ஆகஸ்டு முதல் ரிசர்வ் வங்கி கட்டாயம் ஆக்கியது. அந்த சாட்சியாகத்தான் பெரும்பாலும் ஓ.டி.பி. வருகிறது.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் அலுவலகம் கூட 2022-ல் 'ராஜூவும் 40 திருடர்களும்' என்ற பெயரில் ஒரு படப் புத்தகம் போட்டது. 40 விதமான மோசடிகள் அதில் கதையாக சொல்லப்பட்டு இருக்கின்றன என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். ஓ.டி.பி. மெசேஜில் நம்பர் மட்டும் இருக்காது. எவ்வளவு தொகை, எந்த கடைக்கு என்றும் பெரும்பாலும் எழுதியிருக்கும். "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றும் இருக்கும்.

ஆசாமி காதில் சொல்வது "பாயிண்ட் ஏறும்." மெசேஜ் கண் முன்னால் சொல்வது "ரூ.48,500 செலுத்த." ஆனால் அவன் விடாமல் பேசிக்கொண்டே இருப்பான். "சீக்கிரம் சார், 30 செகண்டுதான் இருக்கு" என்று விரட்டுவான். அந்த அவசரத்தில் நம்பர் மட்டும்தான் கண்ணில் படும். பக்கத்தில் இருக்கும் தொகை படாது. அவன் விரட்டுவதே அதற்காகத்தான்!

"பணத்தை நிறுத்த, கேன்சல் பண்ண, திருப்பி வாங்க ஓ.டி.பி. வேணும்" என்று எவன் கேட்டாலும் அது பச்சைப் பொய். ஓ.டி.பி. சொன்னால் பணம் போகும், வராது.

சில வெளிநாட்டு இணையதளங்களில் ஓ.டி.பி. கேட்காமலே பணம் போன சம்பவங்களும் உண்டு. எனவே பின்பக்கத்து 3 நம்பரையும் வாய் திறந்து சொல்லக்கூடாது.

வேஷம் பல, ஆள் ஒருவன்

ரிவார்டு பாயிண்ட் ஒரு வேஷம்தான். இன்னும் பல வேஷங்கள் போடுகிறார்கள்.

லிமிட் வேஷம்:- "உங்க லிமிட்டை 3 லட்சமா கூட்டறோம் சார், ஓ.டி.பி. சொல்லுங்க." கார்டுக்காரரின் தெளிவான சம்மதம் இல்லாமல் லிமிட்டை கூட்டக்கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கிரெடிட் கார்டு உத்தரவில் இருக்கிறது. தேவை என்றால் பாங்கியின் சொந்த செயலியில் அல்லது கிளையில் நீங்களே கேட்டு வாங்கலாம்.

மிரட்டல் வேஷம்:- "உங்க கார்டு இன்னிக்கு சாயங்காலம் பிளாக் ஆயிடும். கே.ஒய்.சி. முடியலை." கே.ஒய்.சி.யை போனில் நம்பர் சொல்லி முடிக்க முடியாது.

கட்டணம் வேஷம்:- "இன்சூரன்சுக்கு மாசம் 2,400 பிடிக்கப்போறோம். வேண்டாம்னா இப்பவே கேன்சல் பண்ணிடறேன்." வாங்காத இன்சூரன்சை கேன்சல் செய்ய பதறிப்போய் நம்பர் சொல்பவர்கள் ஏராளம்.

உதவி வேஷம்:- "போன்ல ஒரு ஆப் ஏத்துங்க சார், நானே சரி பண்ணித்தரேன்." ஏற்றினால் உங்கள் போன் திரை அப்படியே அவன் திரையில் தெரியும். வருகிற ஓ.டி.பி.யை நீங்கள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அவனே படித்துக்கொள்வான். 2019 பிப்ரவரியிலேயே இந்த ரக தந்திரம் பற்றி ரிசர்வ் வங்கி பாங்கிகளை எச்சரித்தது. வாட்ஸ்-அப்பில் ஏ.பி.கே. என்று முடியும் பைல் வந்தால், பாங்கி முத்திரையே போட்டிருந்தாலும் தொடக்கூடாது.

கூரியர் வேஷம்:- "உங்க புது கார்டு டெலிவரிக்கு வந்திருக்கு. ஸ்டார் 401 ஸ்டார் போட்டு இந்த நம்பரை டயல் பண்ணுங்க." சில போன் கம்பெனிகளில் அப்படி டயல் செய்தால், உங்களுக்கு வரும் போன் எல்லாம் அவனுக்கு போய்விடும். பாங்கி உங்களை எச்சரிக்க போன் செய்தாலும் எடுப்பவன் அவனே! இந்த ரக சேவையை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்க தொலைத்தொடர்பு துறை உத்தரவு போட்டது. ஆனாலும் முன்பின் தெரியாதவன் சொல்லும் எந்த ஸ்டார், ஹாஷ் நம்பரையும் அமுக்க வேண்டாம். ஏற்கனவே அமுக்கி இருந்தால் ஹாஷ் ஹாஷ் 002 ஹாஷ் என்று டயல் செய்து பார்க்கலாம். போன் கம்பெனிக்கும் தகவல் சொல்லவேண்டும்.

எதிர் வேஷம்:- இதில் போன் செய்வது நீங்கள்! பாங்கி கஸ்டமர் கேர் நம்பரை இன்டர்நெட்டில் தேடுகிறீர்கள். முதலில் வருவது மோசடி கும்பல் போட்டு வைத்த நம்பர். நீங்களே வலையில் போய் விழுகிறீர்கள். சரியான நம்பர் உங்கள் கையிலேயே இருக்கிறது. கார்டின் பின்பக்கம் அச்சடித்து இருக்கிறார்கள்.

"நீங்க டிஜிட்டல் கைது!"

கிரெடிட் கார்டில் ஆரம்பித்து ஜெயில் வரை போகும் வேஷமும் இருக்கிறது.

"உங்க பேர்ல டெல்லியில ஒரு கிரெடிட் கார்டு வாங்கி 1½ லட்சம் பாக்கி வெச்சிருக்காங்க. உங்க ஆதார் அதுல இருக்கு. போலீசுக்கு லைனை மாத்தறேன்" என்பான். அடுத்து காக்கி சட்டை போட்ட ஒருவன் வீடியோவில் வருவான். பின்னால் போலீஸ் நிலையம் மாதிரி செட். "ரூமை விட்டு வெளியே போகக்கூடாது. யார்கிட்டயும் பேசக்கூடாது. நீங்க டிஜிட்டல் கைது" என்று உருட்டுவான். பிறகு "விசாரணைக்காக" பணம் மாற்றச் சொல்வான்.

டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. 2024 அக்டோபர் 27-ந்தேதி பிரதமர் மோடியே வானொலியில் 'மன் கி பாத்' நிகழ்ச்சியில் இதை விளக்கினார். நில்லுங்கள், யோசியுங்கள், பிறகு செயல்படுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

எந்த போலீஸ்காரரும் வீடியோவில் கைது செய்யமாட்டார். வழக்கை முடிக்க பாங்கி கணக்கில் பணம் போடச் சொல்லவும் மாட்டார்.

தமிழில் பேசுகிறானே?

போன் மோசடி என்றதும் எல்லோரும் சொல்வது ஜம்தாரா. ஜார்கண்ட் மாநிலத்தில் 2001-ல் உண்டான மாவட்டம் அது. வங்காளத்தின் பெரிய சீர்திருத்தவாதி ஈசுவர சந்திர வித்யாசாகர் கடைசி காலத்தில் வாழ்ந்த கர்மாடார் அங்கேதான் இருக்கிறது. ரெயில் நிலையத்துக்கே அவர் பெயர்தான். அப்பேர்ப்பட்ட ஊருக்கு போன் திருடர்களால் கெட்ட பெயர் வந்தது. 2020-ல் ஜம்தாரா பெயரிலேயே ஒரு தொடர் வந்தது.

"அவன் இந்திக்காரன், பேச்சிலேயே கண்டுபிடிச்சுடுவேன்" என்று யாராவது நினைத்தால் ஏமாற்றம்தான். இப்போது கொஞ்சு தமிழில் பேசுகிறார்கள்.

கம்போடியா, மியான்மர் போன்ற நாடுகளிலும் மோசடி முகாம்கள் முளைத்தன. கம்ப்யூட்டர் வேலை என்று ஆசை காட்டி அழைத்துப்போன வாலிபர்களை அடைத்து வைத்து மோசடி வேலை செய்ய வைத்தார்கள். மியான்மரில் அப்படி சிக்கிய தமிழக வாலிபர்கள் சிலர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டு சென்னை வந்து சேர்ந்தார்கள்.

உள்ளூரிலும் ஒரு வலை உண்டு. "உன் பாங்கி கணக்கை கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தரேன்" என்று வாலிபர்களிடம் கேட்கிறார்கள். திருட்டுப் பணம் அந்த கணக்கு வழியாகத்தான் போகிறது. கமிஷன் சில ஆயிரம். ஆனால் போலீஸ் முதலில் வந்து கதவை தட்டுவது கணக்குக்காரர் வீட்டில்தான்!

நம்பரை பார்த்து கண்டுபிடிக்கலாமா?

பாங்கிகள் வாடிக்கையாளருக்கு கணக்கு சம்பந்தமாக போன் செய்ய 1600 என்று தொடங்கும் நம்பர்கள் 2024-ல் ஒதுக்கப்பட்டன. விளம்பர போன் 140 என்று தொடங்கும் நம்பரில் வரவேண்டும். இதை பின்பற்றும்படி 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கியும் உத்தரவு போட்டது.

எனவே சாதாரண 10 இலக்க செல்போன் நம்பரில் இருந்து "பாங்கி" என்று ஒருவன் பேசினால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

நம்பர் சரியாக இருந்தாலும் கூட முழுசாக நம்பிவிடக் கூடாது. வேறு நம்பரை காட்டி பேசும் தந்திரமும் அவர்களுக்கு தெரியும். நம்பகமான வழி ஒன்றுதான். "சரி தம்பி, நானே கூப்பிடறேன்" என்று போனை வையுங்கள். கார்டின் பின்பக்கத்து நம்பருக்கு நீங்களே போன் செய்யுங்கள். உண்மையான விஷயமாக இருந்தால் அங்கே தெரியும். பொய்யாக இருந்தால் அதுவும் தெரியும்.

லிங்க் வந்தால் முகவரியின் வாலை பார்க்க வேண்டும். பாங்கிகளின் இணைய முகவரி எல்லாம் 'பேங்க் டாட் இன்' என்று முடியவேண்டும் என்று ரிசர்வ் வங்கி கூறி, 2025 அக்டோபர் 31 வரை கெடு கொடுத்தது. வால் வேறு மாதிரி இருந்தால் தொடவேண்டாம்.

கார்டுக்கு ஒரு தாழ்ப்பாள்

பலருக்கு தெரியாத ஒரு வசதி இருக்கிறது. கார்டை நாமே பூட்டி வைக்கலாம்!

2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டை எப்போது வேண்டுமானாலும் திறக்கவும் பூட்டவும் பாங்கிகள் வசதி செய்து தரவேண்டும். பாங்கி செயலியில் கார்டு பகுதிக்கு போனால் உள்நாடு, வெளிநாடு, ஆன்லைன், தட்டினாலே பணம் போகும் முறை என்று தனித்தனியாக சுவிட்சு இருக்கும்.

வெளிநாட்டு சுவிட்சை அணைத்து வையுங்கள். ஆன்லைனில் வாங்கும்போது மட்டும் அந்த சுவிட்சை போட்டு, வாங்கியதும் அணையுங்கள். ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்று தொகைக்கும் வரம்பு வைக்கலாம்.

ரூ.60 ஆயிரம் லிமிட் கார்டில் ஆன்லைன் வரம்பு ரூ.5 ஆயிரம் என்று வைத்திருந்தால், குமாஸ்தா ஏமாந்தே போயிருந்தாலும் ரூ.48,500 போயிருக்காது.

செயலி தெரியாதவர்கள் கிளைக்கு போய் கேட்கலாம். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் இன்று ராத்திரியே செய்து தரச்சொல்லுங்கள். 5 நிமிட வேலை.

ஏமாந்து விட்டால்?

இனிமேல்தான் முக்கியம். முதல் மணி நேரம் தங்கம் மாதிரி.

முதல் வேலை:- போனை கட் செய்யுங்கள். அவனோடு சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

2-வது வேலை:- செயலியிலோ, கார்டின் பின்பக்கத்து நம்பரிலோ கார்டை பிளாக் செய்யுங்கள். புகார் நம்பர் கேட்டு வாங்குங்கள். நேரத்தை குறித்துக்கொள்ளுங்கள்.

3-வது வேலை:- 1930-க்கு போன் போடுங்கள். இது நாடு முழுவதும் உள்ள சைபர் குற்ற உதவி நம்பர். 2021-ல் 155260 என்று இருந்ததை பிறகு 1930 ஆக்கினார்கள். எப்போது, எவ்வளவு, எந்த பாங்கி, கார்டின் கடைசி 4 நம்பர், மெசேஜில் வந்த பரிவர்த்தனை எண் ஆகியவற்றை கையில் வைத்துக்கொண்டு பேசவேண்டும்.

அங்கே புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த பாங்கிக்கு உடனே தகவல் போகிறது. பணம் அங்கேயே இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். அடுத்த கணக்குக்கு தாவி இருந்தால் அந்த பாங்கிக்கு தகவல் போகும். திருடன் ஓட, புகார் துரத்த, இது ஒரு ஓட்டப்பந்தயம். அவன் பணமாக எடுத்துவிட்டால், அல்லது பொருள் வாங்கிவிட்டால் பிடிப்பது கஷ்டம்.

4-வது வேலை:- சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசு இணையதளத்தில் முழு விவரம் பதிவு செய்யுங்கள். போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்ற நடைமுறை சட்டப்படி, "இது எங்க எல்லை இல்லை" என்று சொல்லி திருப்பி அனுப்பக்கூடாது.

5-வது வேலை:- "இந்த செலவு நான் செய்தது அல்ல" என்று பாங்கிக்கு எழுத்து மூலம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க போன் நம்பர் 14448.

நஷ்டம் யார் தலையில்?

இதுபற்றி 2017 ஜூலை 6-ந்தேதி ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு வெளியிட்டது. அதில் கூறியதாவது:-

பாங்கியின் தவறால் பணம் போனால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. பாங்கி மீதும் தவறு இல்லை, வாடிக்கையாளர் மீதும் தவறு இல்லை, வேறு எங்கோ கசிந்து பணம் போனது என்றால், 3 வேலை நாளுக்குள் சொன்னால் முழு பாதுகாப்பு. 4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னால், ரூ.5 லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கு அதிகபட்சம் ரூ.10 ஆயிரம் வரை வாடிக்கையாளர் பொறுப்பு. அதற்கு மேல் தாமதித்தால் அந்தந்த பாங்கியின் கொள்கைப்படி.

வாடிக்கையாளரே ரகசிய நம்பரை சொல்லிவிட்டால்? பாங்கிக்கு தகவல் சொல்லும் வரை போன பணம் முழுவதும் அவர் தலையில். தகவல் சொன்ன பிறகு போகும் பணம் பாங்கியின் தலையில்.

இவ்வாறு அதில் கூறப்பட்டு இருந்தது.

கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். ஓ.டி.பி. சொல்லிவிட்டோம், இனி என்ன செய்வது என்று உட்கார்ந்து விட்டால் அடுத்தடுத்து போகும் பணமும் உங்கள் கணக்கில்தான். 2 மணிக்கு ரூ.48,500 போகிறது. 2.10-க்கு பாங்கிக்கு சொல்லிவிட்டால் மிச்சம் ரூ.11,500 தப்பும்.

வெட்கம்தான் அவன் கூட்டாளி

திருடனுக்கு பெரிய துணை, ஏமாந்தவரின் வெட்கம்.

"இத்தனை வருஷம் கணக்கு எழுதற மனுஷன் ஏமாந்துட்டேன்னு சொன்னா சிரிப்பாங்களே" என்று குமாஸ்தா நினைக்கிறார். முதலாளிக்கு தெரியக்கூடாது. மனைவிக்கு தெரியக்கூடாது. மகன் திட்டுவான். ஒரு நாள் போகிறது, 2 நாள் போகிறது. பில் வந்த பிறகு மூடி மறைக்க கந்து வட்டிக்கு கடன். கடனை அடைக்க இன்னொரு கடன்.

ஏமாறுவது முட்டாள்தனம் அல்ல. டாக்டர், வக்கீல், பேராசிரியர், பாங்கியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர் என்று எல்லோரும் சிக்கி இருக்கிறார்கள். எதிரே இருப்பவனுக்கு தொழிலே பேசுவதுதான். ஒரு நாளைக்கு நூறு பேருக்கு போன் போட்டு பழகியவன். நீங்கள் அவனிடம் பேசுவது முதல் தடவை.

வீட்டில் பெரியவர்கள் "பணம் போச்சு" என்று சொன்னால் பிள்ளைகள் செய்ய வேண்டியது திட்டுவது அல்ல. முதலில் 1930. திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்!

420 அல்ல, இனி 318

ஏமாற்றுப் பேர்வழியை '420' என்று சொல்லியே நமக்கு பழக்கம். அந்த பழைய தண்டனைச் சட்டம் போய்விட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் மோசடிக்கு 318-வது பிரிவு. இப்படி ஏமாற்றி பணம் பறித்தால் 7 ஆண்டு வரை ஜெயில். ஆள் மாறாட்டத்துக்கு 319-வது பிரிவு. போன், கம்ப்யூட்டர் மூலம் ஆள் மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்ப சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 லட்சம் வரை அபராதம்.

வந்த மோசடி போனில் நீங்கள் ஏமாறவில்லை என்றாலும் சும்மா விடவேண்டாம். மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் 2024 மார்ச்சில் தொடங்கிய 'சக்ஷு' பகுதியில் அந்த நம்பரை புகார் செய்யலாம். உங்களை விட்டவன் அடுத்து பக்கத்து கடைக்காரரை கூப்பிடுவான்.

வெட்டி எடுத்து ஒட்டி வையுங்கள்

கடை கல்லாப்பெட்டி மேலும், வீட்டில் போன் சார்ஜ் போடும் இடத்திலும் ஒட்டி வைக்க:-

* ஓ.டி.பி., பின்பக்கத்து 3 நம்பர், பின் நம்பர் - யாருக்கும் கிடையாது. பாங்கி மானேஜர் கேட்டாலும் கிடையாது.

* அவசரப்படுத்தினால் போனை வை.

* கார்டின் பின்பக்கத்து நம்பருக்கு நீயே கூப்பிடு.

* சொல்கிற ஆப், அனுப்புகிற லிங்க், ஸ்டார், ஹாஷ் - எதையும் தொடாதே.

* வெளிநாட்டு சுவிட்சு, ஆன்லைன் சுவிட்சு - அணைத்து வை.

* பணம் போனால் உடனே பாங்கி. அடுத்தது 1930.

உங்கள் பாங்கிக்கு உங்கள் கார்டு நம்பர் ஏற்கனவே தெரியும். கார்டை அச்சடித்துக் கொடுத்ததே அவர்கள்தான். தெரிந்த நம்பரை போன் போட்டு எதற்கு கேட்கப் போகிறார்கள்? கேட்கிறான் என்றால், அவன் வேறு ஆள்!